பூட்டு பெரிசு, சாவி திண்ணையிலே!

பத்தாயத்துக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும், சாவியைத் திண்ணை ஆணியிலே மாட்டிவிட்டுப் போனால் பூட்டு எதற்கு? இதைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. களத்து மேட்டில் நிற்கும் எந்த விவசாயத் தொழிலாளியும் கேட்பார். மில் ஸ்டோருக்குக் காவல் நிற்கும் வாட்ச்மேனும் கேட்பார்.

ஆனால் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் சில இதே காரியத்தைத்தான் செய்திருக்கின்றன. கோடிக்கணக்கான ஜனங்களின் விவரங்கள் அடங்கிய கம்ப்யூட்டர் பேரேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவியைக் கையெட்டும் இடத்தில் எழுதி வைத்தார்கள். திருடன் வந்தான், சாவியை எடுத்தான், திறந்தான், அள்ளிக்கொண்டு போனான். போனது கம்பெனியின் சொத்தா? இல்லை. சாதாரண ஜனங்களின் பேர், ஊர், பிறந்த தேதி, அடையாள எண்.

"இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம். தறி ஓட்டுகிறவருக்கும் நாற்று நடுகிறவருக்கும் இதிலே என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நம்முடைய கூலிக் கணக்கு இதிலேதான் இருக்கிறது என்பது நமது பதில். எப்படி என்று பார்ப்போம்.

மஸ்டர் ரோல் எங்கே போயிற்று?

ஒரு காலத்தில் மில்லின் டைம் ஆபீசில் தடித்த அட்டை போட்ட ரிஜிஸ்தர் இருந்தது. ஷிப்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் சம்பளம் என்பதெல்லாம் அதிலே இருந்தது. அதைத் திருட வேண்டுமானால் கேட்டைத் தாண்ட வேண்டும். வாட்ச்மேனை ஏமாற்ற வேண்டும். பீரோவை உடைக்க வேண்டும். அப்படியும் ஒரு மில்லின் கணக்குத்தான் கிடைக்கும்.

இன்று பல மில்களில் அந்த ரிஜிஸ்தர் இல்லை. கேட்டிலே விரல் ரேகையை வைக்கிறோம்; முகத்தைக் காட்டுகிறோம். வருகை, சம்பளம், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், பாங்குக் கணக்கு, வாரிசுதாரர் பெயர் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. கிராமத்திலும் இதே கதைதான். 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 'இ-ஷ்ரம்' என்ற பதிவுத் தளத்தை மத்திய சர்க்கார் தொடங்கியது. 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதில் பேர் பதிந்துள்ளார்கள். அவர்களில் மிகப் பெரிய பகுதி விவசாயத் தொழிலில் இருப்போர்.

இப்படிக் கம்ப்யூட்டருக்குள் அடுக்கி வைக்கப்பட்ட பேரேட்டுக்குத்தான் டேட்டாபேஸ் என்று பெயர். கணக்கு கம்ப்யூட்டருக்குப் போனது தவறு என்று நாம் சொல்லவில்லை. காகிதத்திலே கணக்குப்பிள்ளை செய்த தில்லுமுல்லுகளை நாம் மறந்துவிடவில்லை. கம்ப்யூட்டர் நன்றாக நடந்தால் பி.எஃப். பணம் எவ்வளவு கட்டப்பட்டது என்று நாமே பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காகித ரிஜிஸ்தரைத் திருட ஒரு ஆள் நேரில் வர வேண்டும். கம்ப்யூட்டர் ரிஜிஸ்தரை உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்தும் திருடலாம். அதுவும் அசலை அங்கேயே விட்டுவிட்டு நகலை எடுத்துப் போகலாம். போனது தெரியவே மாதங்கள் ஆகும்.

ஐந்து வரி

டேட்டாபேசுக்கு முன்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் செல்போனில் பார்க்கும் வலைத்தளம்தான் அந்தக் குமாஸ்தா. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் பூட்டிய ரிக்கார்டு ரூம். "என் பி.எஃப். எவ்வளவு?" என்று நாம் கேட்கிறோம். குமாஸ்தா ரிக்கார்டு ரூமைத் திறந்து, பேரேட்டைப் பார்த்து, வந்து பதில் சொல்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் உள்ளே போய் வர வேண்டும்.

அதற்கு அவருக்கு ஐந்து விவரம் தேவை. எந்தக் கட்டிடம்? அது சர்வரின் விலாசம். எந்தக் கதவு? அது போர்ட் எண். மை-எஸ்-க்யூ-எல் என்னும் டேட்டாபேசுக்கு வழக்கமான கதவு 3306, போஸ்ட்கிரெஸ் என்பதற்கு 5432. எந்தப் பேரேடு? அது டேட்டாபேசின் பெயர். உள்ளே போகிறவர் யார்? அது யூசர் பெயர். சாவி எங்கே? அதுதான் பாஸ்வேர்டு.

இந்த ஐந்து வரிக்குத்தான் இணைப்பு அமைப்பு என்று பேர். லட்சக்கணக்கான வரிகள் உள்ள புரோகிராமில் இது ஐந்தே வரி. ஆனால் இந்த ஐந்து வரி யார் கையில் கிடைக்கிறதோ, அவர் குமாஸ்தாவைக் கேட்க வேண்டியதில்லை. ஜன்னலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ரிக்கார்டு ரூமுக்கே நேராகப் போய்விடலாம்.

மூன்று பேரேட்டுக்குப் பதில் ஐம்பது

அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்று ஒரு கம்பெனி. யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா, தவணை தவறினாரா என்று ஊர் ஜனங்கள் எல்லோருடைய கடன் கணக்கையும் சேர்த்து வைத்து, பாங்குகளுக்கு விற்பது அதன் தொழில். நம்முடைய கணக்கை எழுதிக்கொள் என்று அதனிடம் எந்த ஏழையும் போய்ச் சொன்னதில்லை. அது தானாகவே எழுதிக்கொள்கிறது. இதே கம்பெனி இந்தியாவிலும் ரிசர்வ் பாங்கின் லைசென்ஸ் பெற்றுக் கடன் தகவல் தொழில் நடத்துகிறது.

தன் கணக்கில் தப்பு இருந்தால் ஜனங்கள் முறையிடுவதற்கு அமெரிக்காவில் அது ஒரு வலைத்தளம் வைத்திருந்தது. அதன் அடிப்படை 1970-களில் போடப்பட்டது. அந்தத் தளத்தில் பயன்பட்ட 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதாக 2017 மார்ச் 7-ந் தேதி அறிவிப்பு வந்தது. அடைப்பதற்கான வழியும் வந்தது. கம்பெனி தன் ஆட்கள் 400-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஆனால் இந்தத் தளத்தின் ஓட்டை அடைபடவில்லை. மே 13-ந் தேதி திருடர்கள் அதன் வழியே நுழைந்தார்கள்.

நுழைந்தவுடன் எல்லாம் கிடைத்துவிட்டதா? இல்லை. இங்கேதான் நம் விஷயம் வருகிறது. அந்தத் தளம் வேலை செய்யத் தேவைப்பட்டவை 3 டேட்டாபேஸ்கள். ஆனால் உள்ளே ஒரு ஃபைலில் யூசர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் பச்சையாக, மறைக்கப்படாமல் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அந்தச் சாவிக்கொத்தைக் கொண்டு, இந்தத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத 48 டேட்டாபேஸ்களைத் திருடர்கள் திறந்தார்கள். 76 நாட்கள் உள்ளேயே இருந்தார்கள். சுமார் 9,000 தடவை பேரேடுகளைப் புரட்டினார்கள். 14 கோடிக்கு மேற்பட்டவர்களின் பேர், பிறந்த தேதி, விலாசம், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை போயின. ஜூலைக் கடைசியில் கண்டுபிடித்த கம்பெனி, செப்டம்பர் 7-ந் தேதிதான் ஊருக்குச் சொன்னது.

ஒரு ஜன்னலின் கொக்கி கழன்றிருந்தது உண்மை. எந்த வீட்டிலும் ஒரு கொக்கி கழலக்கூடும். ஆனால் ஜன்னலுக்கு அடியிலேயே வீட்டின் அத்தனை அறைகளுக்குமான சாவிக்கொத்து கிடந்ததே, அதற்கு என்ன சமாதானம்? 2018 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கண்காணிப்புக் கமிட்டி சார்பில் வெளிவந்த அறிக்கை, இது முழுக்க முழுக்கத் தடுத்திருக்கக் கூடிய நாசம் என்று தீர்ப்புச் சொல்லிற்று.

டிரைவர்களின் லைசென்ஸ் போன கதை

இரண்டாவது உதாரணம் ஊபர். வாடகைக் கார் கம்பெனி. கார் அதனுடையதல்ல, ஓட்டுகிறவரும் தன் தொழிலாளி அல்ல என்று சொல்லிக்கொள்ளும் கம்பெனி. டிரைவர்களின் விவரங்கள் மட்டும் அதன் கிடங்கில் இருந்தன.

புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தைச் சேர்த்து வைத்துப் பகிர்ந்துகொள்ள 'கிட்ஹப்' என்று ஒரு பொது இடம் உண்டு. 2014-ல் ஊபரின் எஞ்சினீயர் ஒருவர் அங்கே எல்லோரும் பார்க்கும்படி வைத்த புரோகிராமுக்குள், கம்பெனியின் கிடங்குச் சாவியும் எழுதப்பட்டிருந்தது. அது சாதாரணச் சாவியல்ல. அமேசானிடம் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில், டேட்டாபேஸ் நகல்கள் உட்பட எல்லாவற்றையும் திறக்கும் மூலச் சாவி. அதை எடுத்து ஒருவன் உள்ளே போனான். 1 லட்சத்துக்கும் அதிகமான டிரைவர்களின் பேரும் லைசென்ஸ் எண்ணும் அவன் கைக்குப் போயின.

பட்டால் புத்தி வரும் என்பார்கள். ஊபருக்கு வரவில்லை. 2016-ல் திரும்பவும் அதே கதை. இந்தத் தடவை புரோகிராம் பூட்டிய அறையில்தான் இருந்தது. ஆனால் எஞ்சினீயர்கள் வேறு இடங்களில் பயன்படுத்திய பழைய பாஸ்வேர்டையே இங்கேயும் பயன்படுத்தியிருந்தார்கள். திருடர்கள் அதைக் கொண்டு உள்ளே போனார்கள். புரோகிராமுக்குள் மறுபடியும் கிடங்குச் சாவி எழுதியிருப்பதைப் பார்த்தார்கள். உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போயின. அதிலே அமெரிக்க டிரைவர்கள் சுமார் 6 லட்சம் பேரின் லைசென்ஸ் எண்களும் அடக்கம்.

கம்பெனி என்ன செய்தது? டிரைவர்களிடம் சொன்னதா? இல்லை. திருடர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து வாயை அடைத்தது. ஒரு வருஷம் மூடி மறைத்தது. 2017 நவம்பரில்தான் உண்மை வெளிவந்தது. அதன் பாதுகாப்புத் தலைமை அதிகாரியாக இருந்த ஜோசப் சல்லிவன், மூடி மறைத்த குற்றத்துக்காக 2022 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். 2023 மே மாதத்தில் அவருக்குக் கிடைத்த தண்டனை 3 வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு. ஜெயில் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

இவையெல்லாம் தவிர்க்க முடியாத தலைவிதியா? இல்லை. தடுப்பதற்கான வழிகள் இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தவை. பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவும் கிடையாது. அவற்றை நாமும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தெரிந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

முதலாவது: சாவியைப் புரோகிராமுக்குள் எழுதக் கூடாது. புரோகிராம் பல கைகளுக்குப் போகும். பல நகல்கள் எடுக்கப்படும். சாவி தனியாக இருக்க வேண்டும். சர்வர் ஓடும்போது மட்டும் புரோகிராமுக்குக் கொடுக்கப்பட வேண்டும். இதற்கென்றே சாவிப் பெட்டக மென்பொருள்கள் இருக்கின்றன. சிறிய இடமானால், வலைத்தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே ஒரு தனி ஃபைலில் வைத்து, அந்தப் புரோகிராமைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தாலும் போதும். சிலர் அமைப்பு ஃபைலைத் திருத்துமுன் 'பழசு' என்று பேர் வைத்து ஒரு நகலை வலைத்தள ஃபோல்டரிலேயே விட்டுவிடுகிறார்கள். பேர் மாறிய அந்த நகலை, விலாசம் ஊகித்துக் கேட்கிறவனுக்கெல்லாம் சர்வர் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும்.

இரண்டாவது: அவரவர் வேலைக்கு வேண்டிய சாவி மட்டும். ஒரு மரக்கால் விதை நெல் எடுத்து வர அனுப்பும் ஆளிடம் வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் யாராவது கொடுப்பார்களா? ஆனால் வருகைப் பதிவு பண்ணுகிற ஒரு சிறிய புரோகிராமுக்கு 'ரூட்' என்ற சர்வாதிகாரியின் பேரையும் சாவியையும் கொடுத்துவிடுகிறார்கள். தனித்தனியாக அனுமதி எழுதச் சோம்பல்! வருகைப் புரோகிராம் வருகையை எழுதட்டும், படிக்கட்டும். சம்பளப் பேரேட்டைத் தொட அதற்கு என்ன வேலை? பேரேட்டையே அழிக்க அதற்கு எதற்கு அதிகாரம்? கணக்குப் பார்க்க மட்டும் வருகிற புரோகிராமுக்குப் படிக்கும் அனுமதி போதும். ஈக்விஃபாக்ஸில் இந்த ஒரு விதி இருந்திருந்தால் திருட்டு 3 பேரேடுகளோடு நின்றிருக்கும்.

மூன்றாவது: ரிக்கார்டு ரூமின் கதவைத் தெருப் பக்கம் வைக்கக் கூடாது. டேட்டாபேஸ் குமாஸ்தாவுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். இன்டர்நெட்டில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லக் கூடாது. 2017 ஜனவரியில் என்ன நடந்தது? 'மாங்கோடிபி' என்னும் டேட்டாபேஸ்கள் பல்லாயிரம், பாஸ்வேர்டு கூட இல்லாமல் தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தன. திருடர்கள் நுழைந்து, கணக்கைத் துடைத்துவிட்டு, 'பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம்' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த 3.6 பதிப்பில், தான் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டுமே பதில் சொல்வதை வழக்கமான ஏற்பாடாக்கினார்கள். முதலிலேயே செய்திருக்கலாமே!

நான்காவது: வழியிலே ஒட்டுக் கேட்க விடக் கூடாது. குமாஸ்தா ஒரு கம்ப்யூட்டரிலும், பேரேடு வேறு கம்ப்யூட்டரிலும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே போகிற பேச்சு சங்கேதமாக்கப்பட வேண்டும். எதிரே இருப்பது உண்மையான பேரேடுதானா, வேஷம் போட்டவனா என்று சான்றிதழைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். போஸ்ட்கிரெஸின் வழக்கமான ஏற்பாடு சங்கேதம் கிடைத்தால் பேசும். கிடைக்காவிட்டால் வெளிப்படையாகவே பேசிவிடும். சான்றிதழையும் சரிபார்க்காது. 'வெரிஃபை-ஃபுல்' என்று ஒரு சொல்லை எழுதி வைத்தால் எல்லாம் சரிபார்க்கும். ஒரே ஒரு சொல்! அதை எழுதாமல் எத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள்!

ஐந்தாவது: கோளாறு வந்தால் ஊருக்கெல்லாம் சாவியைக் காட்டக் கூடாது. புரோகிராமைச் சோதிக்கும் காலத்தில், கோளாறு வந்த இடத்தையும் அதன் உள் விவரங்களையும் திரையில் கொட்டும் ஏற்பாடு உண்டு. எழுதுகிறவர்களுக்கு அது உபயோகம். ஆனால் தளம் ஜனங்களுக்குத் திறந்த பின்பும் அதை அணைக்காமல் விட்டால், கோளாறுச் செய்தியோடு சேர்ந்து பாஸ்வேர்டும் வெளியே வரும். சோதனைக்கு ஒரு சாவி, உண்மைப் பேரேட்டுக்கு வேறு சாவி என்று வைப்பதும் இதோடு சேர்ந்ததே.

ஆறாவது: சாவி தொலைந்தால் பூட்டை மாற்று. கிட்ஹப்பில் தவறிப் போட்ட பாஸ்வேர்டை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. அங்கே பழைய பிரதிகள் எல்லாம் சரித்திரமாகத் தங்கிவிடும். போனது போனதுதான். உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். வேலையை விட்டு ஒருவர் போனாலும், காண்டிராக்டர் மாறினாலும் மாற்ற வேண்டும். 2023-ம் வருஷத்தில் மட்டும் கிட்ஹப்பின் பொது இடங்களில் 1 கோடியே 28 லட்சம் சாவிகள் புதிதாகச் சிந்திக் கிடந்ததாக, இதையே தேடுகிற கிட்கார்டியன் நிறுவனம் கணக்கிட்டது. இத்தனை பேரும் தனித்தனியே அசடர்களா? அல்லது அவர்கள் வேலை செய்யும் முறையிலே ஏதோ கோளாறு இருக்கிறதா?

பழி யார் தலையில்?

இந்தக் கேள்விக்குக் கம்பெனிகள் வைத்திருக்கும் பதில் நமக்குப் பழக்கமானது. மில்லில் விபத்து நடந்தால் "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்பார்கள். இயந்திரத்துக்கு மூடி போட்டிருந்ததா, இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளிடம் கொடுத்தார்களா என்று சொல்ல மாட்டார்கள்.

ஈக்விஃபாக்ஸின் தலைவராக இருந்த ரிச்சர்டு ஸ்மித், 2017 அக்டோபர் 3-ந் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி முன் வந்தார். ஓட்டையை அடைக்கும் செய்தியை உரியவருக்குச் சேர்க்காத ஒரு தனி மனிதரின் தவறு என்று சொன்னார். 14 கோடிப் பேரின் பேரேடு ஒரே ஒரு மனிதர் ஒரு கடிதத்தை அனுப்புவதையா நம்பியிருந்தது? அப்படியானால் அந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? பாஸ்வேர்டுகளைப் பச்சையாக எழுதி வைக்க விட்டது யார்? 3 பேரேடு போதும் என்கிற இடத்தில் மற்றவற்றுக்கும் வழி திறந்து வைத்தது யார்? கடிதம் அனுப்பாத அந்த ஒருவரா?

புரோகிராமரும் தொழிலாளிதான், தோழர்களே. நாளைக் காலைக்குள் தளம் திறக்க வேண்டும் என்று ராத்திரி முழுவதும் உட்கார வைக்கப்படுகிறவர் அவர். குறைந்த தொகைக்கு ஏலம் எடுத்த காண்டிராக்டர், பாதுகாப்பைச் சோதிக்க ஒரு வாரம் கொடு என்றால் கொடுப்பதில்லை. தவறு செய்கிற மனிதரை ஒழித்துவிட முடியாது. ஒரு மனிதர் தவறு செய்தாலும் நாசம் வராதபடி ஏற்பாடு செய்வதுதான் நிர்வாகத்தின் வேலை. சாவியைப் புரோகிராமுக்குள் எழுதினால் அதை உள்ளே வாங்க மறுக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றை வைக்க உத்தரவிட வேண்டியது மேலே இருப்பவர்கள்.

நஷ்டம் யாருக்கு? 2019 ஜூலையில் ஈக்விஃபாக்ஸ் குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு 125 டாலர் ரொக்கம் வாங்கலாம் என்ற பேச்சைக் கேட்டு ஜனங்கள் மனுப் போட்டார்கள். ஆனால் அந்த ரொக்கத்துக்கென்று ஒதுக்கியிருந்தது 3 கோடியே 10 லட்சம் டாலர்தான். மனுக்கள் குவிந்ததும், அவ்வளவு கிடைக்காது, மிகவும் குறைவாகத்தான் கிடைக்கும் என்று சர்க்கார் இலாகாவே அறிவிக்க வேண்டியதாயிற்று. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை யார் மாற்றிக்கொள்ள முடியும்? விரல் ரேகையை மாற்ற முடியுமா?

நம் நாட்டில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக அமுலாகும் என்றார்கள். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். நல்லதுதான். ஆனால் அந்த அபராதம் யாருக்குப் போகும்? சர்க்கார் கஜானாவுக்கு. விவரத்தைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு அதிலிருந்து ஒரு காசு கிடையாது. அலட்சியத்தால் நஷ்டப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவை நீக்குவதற்கும் இதே புதிய சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள்! வீடு பறிகொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. தண்டல் மட்டும் கச்சேரிக்கு!

நாம் கேட்க வேண்டியவை

சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் போனஸ் இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது, வேலைப் பளு இருக்கிறது. இனி இதையும் சேர்க்க வேண்டும் என்பது நமது கருத்து. நிர்வாகத்திடம் கேட்போம்:

எங்கள் வருகை, சம்பளம், விரல் ரேகை விவரங்கள் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன? அது மில்லுக்குச் சொந்தமா, காண்டிராக்டருக்கா?

அந்தப் பேரேட்டைத் திறக்கும் பாஸ்வேர்டு புரோகிராமுக்குள் எழுதப்பட்டிருக்கிறதா, தனியே வைக்கப்பட்டிருக்கிறதா? அதைக் கடைசியாக மாற்றியது எப்போது?

வருகைப் புரோகிராமும் சம்பளப் புரோகிராமும் ஒரே சாவியைப் பயன்படுத்துகின்றனவா?

அந்த டேட்டாபேசின் கதவை வெளியிலிருந்து இன்டர்நெட் வழியே தட்ட முடியுமா?

விவரம் திருட்டுப் போனால் எத்தனை நாளில் எங்களுக்குச் சொல்வீர்கள்? எங்களுக்கு நஷ்டம் வந்தால் ஈடு செய்வது யார்?

"பாதுகாப்பு விஷயம், வெளியே சொல்ல முடியாது" என்று பதில் வரலாம். ஏமாறக் கூடாது. சாவி என்ன என்று நாம் கேட்கவில்லை. சாவி திண்ணையில் கிடக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். ஒழுங்காக வைத்திருப்பவர் இதற்குப் பதில் சொல்லத் தயங்க மாட்டார்.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பேரேடு அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கலாம். அதிலே எழுதியிருப்பது நம் பேர், நம் கூலி, நம் பிள்ளைகளின் பேர். தன் நெல் இருக்கிற பத்தாயத்தின் சாவி எங்கே தொங்குகிறது என்று விசாரிக்காதவன் இல்லை. அடுத்த கேட் கூட்டத்தில், அடுத்த கிராமக் கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை வாசியுங்கள். பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.